சலுகை விலை

2009 பிப்ரவரியில், தொடக்கக்கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரம், கணக்கு ஆசிரியர் எங்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். கிராஃபிங் கால்குலேட்டர் வாங்குவதற்கான படிவம். நாங்கள் அதை ஜிசி என்றுதான் சொல்வோம். இங்கும் அப்படியே சொல்கிறேன். படிவத்தில் இரண்டு விலைகள் இருந்தன. கடை விலையின் மேல் கோடு போட்டு அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே தடித்த எழுத்தில் மாணவர் சலுகை விலை: 160 வெள்ளி. வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும்.

படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. நிதியுதவி தேவைப்படுகிறவர்கள் அலுவலகத்தில் தனிப் படிவம் வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டு இடைவேளையில் யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்துப் போய் அதையும் வாங்கி வந்தேன். அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை வீடு என்றெல்லாம் கேட்டிருந்தது. சம்பளச் சீட்டின் நகலை இணைக்க வேண்டும். நான்காக மடித்து ஃபைலின் கடைசிப் பையில் செருகினேன். வீட்டில் காட்டவில்லை.

அன்று இரவு அம்மா முதல் படிவத்தை மட்டும் பார்த்தார்.

“சலுகை விலையா? இதான் சலுகைன்னா, சலுகை இல்லாத விலை என்னய்யா?”

“மேல அடிச்சிருக்காங்க பாருங்கம்மா.”

கண்ணாடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். “இந்த விலைக்கு ஒரு போனே வாங்கிடலாமேடா. இதுல படம் ஓடுமா?”

“கோடு ஓடும்மா.”

எங்கள் புளோக்கில் பத்துப் பெண்கள் சேர்ந்து மாதாமாதம் கூட்டு போடுவார்கள். அந்த மாதம் அம்மாவின் முறை. பழைய ஐஸ்பெட்டியை மாற்ற வைத்திருந்த பணம் அது. அதிலிருந்து 160 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். “எல்லாப் பிள்ளைங்களுக்கும் இதே விலைதானே?” என்று கேட்டார். “எல்லாருக்கும் இதேதான்” என்றேன். அதில் பொய் இல்லை. சலுகை எல்லோருக்கும்தான். சொல்லாமல் விட்டது இரண்டாவது தாளைப் பற்றி.

அந்தச் சொல் என்னை உறுத்த ஆரம்பித்தது ரொம்பப் பிறகு. எல்லோரும் கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற ஒரு பொருளுக்கு எதற்குச் சலுகை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் நான் போன பாதை.

*

கால்குலேட்டரின் வரலாறு என்பதே விலை சரிந்த வரலாறு. 1967-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி, ஜெர்ரி மெரிமேன், ஜேம்ஸ் வான் டாசல் என்ற மூவர் கையில் பிடிக்கிற அளவில் ஒரு கணக்குப் பொறியைச் செய்து பார்த்தார்கள். கில்பி 1958-இலேயே ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டியவர். அதற்காக 2000-இல் நோபல் பரிசு பெற்றார். சில்லு என்று ஒன்று வந்துவிட்டது, அதைச் சாதாரண மக்கள் வாங்குகிற எந்தப் பொருளுக்குள் வைப்பது என்பதுதான் அந்நிறுவனத்தின் அன்றைய கேள்வி. கால்குலேட்டர் அதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்று. 1971-இல் வந்த இன்டெல் 4004-ம் அப்படித்தான். புசிகாம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மேசைக் கால்குலேட்டருக்காக உருவான சில்லு அது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் எல்லா நுண்செயலிகளுக்கும் முன்னோடி ஒரு கூட்டல் கழித்தல் பெட்டிக்காகப் பிறந்தது.

1972-இல் ஹியூலெட் பேக்கர்ட் எச்பி-35-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. 35 பொத்தான்கள் இருந்ததால் அந்தப் பெயர். சைன், காஸ், லாக் எல்லாம் போடும். விலை 395 அமெரிக்க டாலர். அதுவரை பொறியாளர்கள் கையில் இருந்தது நகரும் அளவுகோல். மாணவர்கள் கையில் இருந்தது லாக் அட்டவணைப் புத்தகம். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நகரும் அளவுகோல் காணாமல் போனது. சைன், காஸ் போடும் கால்குலேட்டர் இன்று புத்தகக் கடையில் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சிங்கப்பூரில் 2009-இலிருந்து தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் கணக்கு இரண்டாம் தாளுக்கே கால்குலேட்டர் எடுத்துப் போகலாம். அதே ஆண்டு தொடக்கக்கல்லூரியில் நான் 160 வெள்ளியை நீட்டிக்கொண்டு நின்றேன்.

எல்லாம் மலிந்த இடத்தில் இது மட்டும் ஏன் மலியவில்லை?

முதலில் அந்தக் கருவிக்குள் என்ன இருந்தது என்று பார்க்கலாம். வரைபடம் போடும் கால்குலேட்டரை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தது கேசியோ, 1985-இல். எஃப்எக்ஸ்-7000ஜி. அதன் திரையில் குறுக்கே 96 புள்ளிகள், நெடுக்கே 64. மொத்தம் 6,144 புள்ளிகள். 1990-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தன் முதல் ஜிசியான டிஐ-81-ஐ வெளியிட்டது. அதற்கும் 96க்கு 64. 2004-இல் டிஐ-84 பிளஸ் வந்தது, என் கைக்கு வந்த மாடல். அதற்கும் அதே 96க்கு 64. உள்ளே இருந்த செயலி இசட்80 வகை. அந்த வடிவமைப்பு 1976-இல் ஸைலாக் நிறுவனம் வெளியிட்டது. அதைச் செய்த ஃபெடரிகோ ஃபஜின்தான் 4004-ஐச் செய்தவர்களிலும் முக்கியமானவர். நான் பிறந்தது 1992-இல். என் கருவியின் மூளை என்னைவிட 16 வயது மூத்தது.

அதைக் குறையாகச் சொல்லவில்லை. சைன் கோடு வரைய அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. நான்கு சின்ன பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் ஓடும். கீழே விழுந்தாலும் உடையாது. ஆனால் இத்தனை பழைய பொருள், இத்தனை லட்சம் பேர் வாங்குகிற பொருள், சந்தையின் வழக்கப்படி எப்போதோ இருபது வெள்ளிக்கு இறங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவிலும் இறங்கவில்லை. அங்கேயும் நூறு டாலரைச் சுற்றியே நின்றது. இதற்கான விடை தேர்வு அறையில் இருக்கிறது.

*

இந்தக் கதையில் வில்லனைத் தேடித்தான் போனேன். முதலில் தட்டுப்பட்டது இரண்டு வாத்தியார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் வெயிட்ஸ், ஃபிராங்க் டெமானா. 1980களில் அவர்கள் பள்ளிக் கணக்கைக் கணினித் திரையில் காட்டிச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார்கள். சமன்பாட்டை எழுதியதும் அதன் வடிவம் கண்முன் வர வேண்டும், மாணவர் எண்ணை மாற்றிப் பார்த்து வடிவம் மாறுவதைக் காண வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆனால் அன்றைக்குக் கணினி என்றால் பள்ளிக்கு ஒரு அறை. வசதியுள்ள பள்ளிக்குத்தான் அதுவும். கேசியோவின் கருவி வந்தபோது அதை அவர்கள் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் எட்டக்கூடிய கணினியாகப் பார்த்தார்கள். ஏழைப் பள்ளிப் பிள்ளைக்கும் ஒன்று கிடைக்கும் என்று நம்பினார்கள்.

அவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். அந்த வகுப்புகள் ‘தொழில்நுட்பத்தோடு கற்பிக்கும் ஆசிரியர்கள்’ என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தன. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அதோடு கைகோத்தது. ஆசிரியர்களிடம் யோசனை கேட்டுக் கருவியைச் செய்தது, பயிற்சிக்குத் துணைநின்றது. 1989-இல் அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றம் தன் பாடத்தர ஆவணத்தில், உயர்நிலை மாணவர் எல்லோரிடமும் எப்போதும் ஒரு ஜிசி இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. 1994-இல் எஸ்ஏடி தேர்வில் கால்குலேட்டரை அனுமதித்தார்கள். 1995-இல் ஏபி கால்குலஸ் தேர்வின் ஒரு பகுதிக்கு ஜிசி கட்டாயமானது.

1989-இல் இருந்தது ‘இருக்க வேண்டும்’ என்ற விருப்பம். 1995-இல் வந்தது ‘இல்லாமல் முடியாது’ என்ற விதி. இடையில் ஆறே ஆண்டுகள். எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று ஆரம்பித்தது, எல்லோரும் வாங்கட்டும் என்று முடிந்தது. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியருக்கு நல்ல பாடம் வேண்டும். நிறுவனத்துக்கு விற்பனை வேண்டும். தேர்வு வாரியத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரிக் கருவியோடு உட்கார வேண்டும், அதில் இணையம் இருக்கக் கூடாது. மூன்று நியாயங்களும் சேர்ந்த இடத்தில் ஒரு விலை கெட்டியாகிவிட்டது.

அதன் சூத்திரம் எளிமையானது. எந்தக் கருவி என்று தேர்ந்தெடுப்பவர் பணம் கொடுப்பதில்லை. பணம் கொடுப்பவர் தேர்ந்தெடுப்பதில்லை. டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டோடு மருந்துக் கடைக்குப் போவது மாதிரி. பாடநூல் படங்கள் ஒரு மாடலின் பொத்தான்களைக் காட்டும். ஆசிரியர் பலகையில் அதே மாடலைத்தான் காட்டுவார். அண்ணன் அக்காமார்களிடம் இருப்பதும் அதுதான். வேறு நிறுவனத்தின் மலிவான கருவியும் அனுமதிப் பட்டியலில் இருக்கலாம். ஆனால் வகுப்பில் நாற்பது பேர் ஒரு பொத்தானை அழுத்தும்போது நீ மட்டும் வேறு பொத்தானைத் தேட வேண்டும். பதினேழு வயதில் அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?

*

சிங்கப்பூரில் 2006-இல் தொடக்கக்கல்லூரிப் பாடத்திட்டம் மாறியது. எச்1, எச்2, எச்3 என்ற பிரிவுகள் வந்தன. எச்2 கணிதத்துக்கு ஜிசி இருக்கும் என்ற எண்ணத்திலேயே பாடத்தை வகுத்தார்கள். 2007-இல் அந்தப் பாடத்திட்டத்தின் முதல் தேர்வு நடந்தது. நான் சேர்ந்தபோது ஜிசி என்பது பள்ளிச் சீருடை மாதிரி ஆகிவிட்டிருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டது என் சித்தி மகள். அம்மாவின் ஊர் ஜொகூர். தங்கச்சி அப்போது அங்கே படிவம் ஆறில் எஸ்டிபிஎம் படித்துக்கொண்டிருந்தாள். சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து ஒரு சனிக்கிழமை கடற்பாலம் தாண்டிப் போனபோது, பெருமைக்காகத்தான், ஜிசியைப் பையில் எடுத்துப் போனேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பரவளைவு வரைந்து காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு. எவ்வளவுண்ணே?”

சொன்னேன். வெள்ளியை ரிங்கிட்டுக்கு மாற்றிக் கணக்குப் போட்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “எங்க பரீட்சைக்கு இதக் கொண்டு போனா வெளிய அனுப்பிருவாங்க. நாங்க கையாலதான் வரையணும்.”

அவர்களுக்கு நிரல் எழுத முடியாத சாதாரண அறிவியல் கால்குலேட்டர் மட்டும்தான். அவளுடையது சிரம்பானில் படித்த அவள் அக்காவிடமிருந்து வந்தது. மூடி உடைந்து ரப்பர் வளையம் போட்டிருந்தது. ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பாலத்துக்கு இந்தப் பக்கம் அது இல்லாமல் தேர்வு எழுத முடியாது. அந்தப் பக்கம் அதை வைத்துக்கொண்டு எழுத முடியாது. இரண்டு பக்கமும் பரவளைவு ஒன்றுதான். தங்கச்சி கையால் வரைந்த பரவளைவு என் திரையில் இருந்ததைவிட வழுவழுப்பாக இருந்தது. 6,144 புள்ளிகளில் எந்த வளைவும் படிக்கட்டு மாதிரித்தான் தெரியும்.

அதற்காக ஜிசி வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு மதியம் நூலகத்தில் உட்கார்ந்து, சைன் என்று போட்டு உள்ளே எக்ஸுக்குப் பதில் ஒன்றின் கீழ் எக்ஸ் என்று கொடுத்துப் பார்த்தேன். நடுவில் கோடு பைத்தியம் பிடித்த மாதிரி மேலும் கீழும் அடித்துக்கொண்டது. பெரிதாக்கினேன். இன்னும் அடித்தது. மீண்டும் பெரிதாக்கினேன். பூஜ்யத்தை நெருங்க நெருங்க அது ஓயவே இல்லை. எல்லை என்றால் என்ன, ஒரு சார்புக்கு ஏன் எல்லை இல்லாமல் போகலாம் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். அந்த இரண்டு வாத்தியார்கள் நினைத்த பிள்ளை நான்தான் போலிருக்கிறது. அவர்கள் ஆசை பலித்தது. அதற்கான பில் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக்கு வந்தது.

*

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1981-இல், 19 வயதில், வேலை அனுமதிச் சீட்டோடு சிங்கப்பூருக்கு வந்தார். அங் மோ கியோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. அங்கே அவர் ஓப்பரேட்டர். பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான். நடுவில் கல்யாணம், பிறகு நான்.

என்ன வேலை என்று சின்ன வயதில் கேட்டால், “பூதக்கண்ணாடில பாத்துக் கம்பி ஒட்டறது” என்பார். தொழிலில் அதற்குப் பெயர் வயர் பாண்டிங். நகக்கண் அளவுகூட இல்லாத சில்லு. அதன் ஓரத்திலிருந்து உலோகச் சட்டத்தின் கால்களுக்கு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நுண்ணோக்கியில் பார்த்து ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். அந்தக் கம்பி இல்லாவிட்டால் சில்லு வெறும் கல். ஒரு சிஃப்டுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. குறைந்தால் மேற்பார்வையாளர் பின்னால் வந்து நிற்பார். முப்பது வயதுக்கு முன்பே அம்மாவுக்குக் கண்ணாடி.

அந்தத் தொழிற்சாலைகள் இங்கே எப்படி வந்தன என்பதும் கால்குலேட்டரின் வரலாற்றில் ஒரு பாதிதான். 1968 அக்டோபரில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சிங்கப்பூருக்கு வந்தது. முடிவெடுத்த ஐம்பது நாளுக்குள் உற்பத்தி தொடங்கியதாக லீ குவான் இயூ தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். எச்பி-35-ஐச் செய்த ஹியூலெட் பேக்கர்ட் வந்த கதையும் அதே நூலில் இருக்கிறது. ஆறு மாடிக் கட்டடத்தில் மேல் இரண்டு தளங்களை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். நிறுவனர் ஹியூலெட் நேரில் பார்க்க வருகிறார். மின்தூக்கி ஓடுவதற்கான மின்சாரம் இன்னும் வரவில்லை. அவரை ஆறு மாடி ஏறவிடக் கூடாது என்று பொருளாதார வளர்ச்சிக் கழகத்தார் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு பெரிய மின்கம்பியை இழுத்து வந்து மின்தூக்கியை ஓடவைத்தார்கள். நிறுவனம் முதலீடு செய்தது.

எச்பி கால்குலேட்டர்கள் பிறகு சிங்கப்பூரிலேயே தயாராகின. பழைய எச்பி யாரிடமாவது இருந்தால் முதுகில் வரிசை எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கத்தோடு 1960-ஐக் கூட்டினால் தயாரித்த ஆண்டு. அடுத்த இரண்டு, வாரம். அதன்பின் ஓர் எழுத்து. ஏ என்றால் அமெரிக்கா. பி என்றால் பிரேசில். எஸ் என்றால் சிங்கப்பூர்.

மலேசியாவில் 1971-இல் தடையற்ற வாணிப வட்டாரங்களுக்கான சட்டம் வந்தது. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரம் திறந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கே அமைத்தது. ஹியூலெட் பேக்கர்டும் அதே ஆண்டு அங்கே வந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கோலாலம்பூரில். கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் பெண்கள் போனார்கள். பெரும்பாலும் மலாய்ப் பெண்கள். நம் பெண்களும் இருந்தார்கள். முதலீட்டாளர்களை அழைக்க அச்சடித்த கையேட்டில், கீழை நாட்டுப் பெண்ணின் சின்னக் கைகள் எவ்வளவு வேகமானவை என்று அரசே விளம்பரம் செய்தது. மின்னணுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கூடாது என்பது நெடுநாள் நிலைப்பாடு. 1988-இல் அனுமதி என்றார்கள். அதுவும் நிறுவனத்துக்குள் மட்டும் என்று சுருங்கியது. ஐவா ஓங் என்ற மானிடவியலாளர் சிலாங்கூரின் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி 1987-இல் ஒரு நூல் எழுதினார். நுண்ணோக்கிக்குள் பேயைப் பார்த்து அலறிய பெண்களைப் பற்றி அதில் வருகிறது. அம்மாவிடம் அதைச் சொன்னேன். “எங்க லைன்லயும் ஒருத்தி கத்தினா. பேய் இல்ல. தூக்கமில்லாமதான்” என்றார்.

தான் கம்பி ஒட்டிய சில்லு எந்தப் பெட்டிக்குள் போனது என்று அம்மாவுக்குத் தெரியாது. டிவியா, காரா, கால்குலேட்டரா என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. நான் வாங்கிய ஜிசியைப் புதிதாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பொத்தான்களைத் தொடாமல் முதலில் முதுகைத்தான் திருப்பிப் பார்த்தார். எங்கே செய்தது என்று தேடினார். சீனா என்று இருந்தது. “அங்க போயிருச்சா” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

*

2010 நவம்பர். தேர்வு அறை. கணிதத் தாளுக்கு முன் ஜிசிகளின் நினைவகத்தை அழிக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அதே நான்கைந்து பொத்தான்களை அழுத்தினோம். சூத்திரம், குறிப்பு, விளையாட்டு எல்லாம் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளில் அதற்குள் நான் எழுதி வைத்தது ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாக் கருவியும் ஒன்றுபோல ஆனது. அதைப் பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. அந்த அறைக்குள் யார் எப்படி வாங்கினார்கள் என்பதும் சேர்ந்து அழிந்துபோனது.

இன்று வரைபடம் போட இந்தக் கருவி தேவையில்லை. 2000களின் தொடக்கத்திலேயே ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் ஒரு மாணவர் ஜியோஜீப்ராவை எழுதினார். 2011-இல் டெஸ்மாஸ் வந்தது. இரண்டும் இலவசம். மின்னிலக்கமாக மாறிய எஸ்ஏடி தேர்வில் டெஸ்மாஸ் திரைக்குள்ளேயே இருக்கிறது. யாரும் எதையும் வாங்கி வர வேண்டாம். தேர்வு வாரியம் நினைத்தால் விலை பூஜ்யம் ஆகலாம் என்று அது காட்டிவிட்டது. விலையை ஏற்றி நிறுத்தியது எதுவோ அதுவேதான் இறக்கவும் செய்தது.

என் கேள்விக்கு நான் கண்டடைந்த பதில் இவ்வளவுதான். மாணவர் சலுகை என்பது விற்பவருக்கும் கல்லூரிக்கும் நடுவில் முடிந்த மொத்த வியாபாரம். ஆயிரம் பேர் வாங்குவது உறுதி என்றால் எந்த வியாபாரியும் விலையைக் கொஞ்சம் குறைப்பார். அது தடித்த எழுத்தில், அடித்த விலைக்குக் கீழே, பரிசு மாதிரி வந்தது. அதை வாங்கிக்கொள்ள யாரும் வெட்கப்படவில்லை; லாரி முதலாளி மகனும் அதே சலுகையில்தான் வாங்கினான். உண்மையான உதவி இன்னொரு தாளில், சின்ன எழுத்தில், சம்பளச் சீட்டு கேட்டுக்கொண்டு தனியாக இருந்தது. அதற்குத்தான் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போக வேண்டியிருந்தது. கட்டாயம் என்று சொன்னவர்கள் அந்த இரண்டு தாளையும் ஒன்றாக்கியிருக்கலாம். ஒரு பாடத்துக்கு ஒரு கருவி இல்லாமல் முடியாதென்றால், அது மேசை நாற்காலி மாதிரிக் கல்லூரியின் பொருள். இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியது.

போன ஆண்டு வீடு மாறினோம். அலமாரியைக் காலி செய்தபோது ஜிசி கிடைத்தது. பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறு தொட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். புதுப் பேட்டரி போட்டதும் திரையில் கட்டம் கண்சிமிட்டியது. அம்மா பக்கத்தில் பழைய ஃபைல்களைக் கிழித்துக்கொண்டிருந்தார். நான்காக மடித்த ஒரு தாளை விரித்தார். கண்ணாடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார்.

“இது என்னடா?”

சொன்னேன். பதினைந்து வருடம் கழித்துச் சொல்வதால் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“என் சம்பளச் சீட்டக் காட்ட எனக்கு வெக்கமில்ல. நீ ஏன்டா வெக்கப்பட்ட?”

என்னிடம் பதில் இல்லை. அவர் அந்தத் தாளைக் கிழிக்காமல் மடித்து ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் வந்த புதுசுல ஒரு நாளைக்குப் பன்னெண்டு வெள்ளி. அப்போ இந்தப் பெட்டி எனக்குப் பதிமூனு நாளு. மிச்சம் நாலு வெள்ளி” என்றார்.

கையில் இருந்த ஜிசியில் 160-ஐ 12-ஆல் வகுத்துப் பார்த்தேன். 13.33333333 என்று காட்டியது.

“அந்த நாலு வெள்ளி பஸ்ஸுக்கு” என்றார் அம்மா.